திரையில் ஏழு பொத்தான்களுக்கு மேல் இருந்தால் மூளை தாங்காது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பொத்தான்கள் ஏழைத் தாண்டியதால் திணறியவர் யாரையும் பார்த்ததில்லை. ஆறு இலக்க ஓடிபியில் திணறுபவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் எழுதிய கட்டுரைதான் இந்த ஏழுக்கு மூலம். ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதென்றால் ஏறத்தாழ ஏழு உருப்படிதான் நிற்கிறது என்றார். 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னோர் உளவியலாளர் அதை நான்காகக் குறைத்தார். இரண்டும் மனத்தில் சுமப்பதற்கான கணக்கு. கண்ணெதிரே இருக்கும் பொத்தானை யார் சுமக்கிறார்கள்? ஓட்டல் பலகையில் நாற்பது பலகாரம் எழுதியிருந்தாலும் ரவா தோசையைக் கண்டுபிடித்துவிடுகிறோம். சர்வர் வாயால் ஒப்பித்தால்தான், கடைசியாக அவர் சொன்னதையே கொண்டுவரச் சொல்கிறோம்.

போன வாரம் தறி ஓட்டும் வீட்டுப் பெரியம்மா ஒருவர் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு வந்தார். யார் எவ்வளவு பாக்கி என்று முப்பது வருடக் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவர். ஆதாரில் இணைத்த போன் மகன் வீட்டில் இருந்தது. மருமகள் தெலுங்குப் பெண். போனில் "தொம்மிதி, நாலுகு, ஏடு, எனிமிதி, ரெண்டு, ஐது" என்று படபடவென்று சொன்னார். பெரியம்மா அதைத் தமிழாக்கி என்னிடம் சொல்லவேண்டும். எனிமிதியை எட்டாக்குவதற்குள் பின்னால் வந்த இரண்டும் போய்விட்டன. மறுபடி கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்து வேறு எண் வந்தது. மருமகள் பழையதையே வாசித்தார். மூன்றாவது முறை பெரியம்மா, "எனக்கு வயதாகிவிட்டது, தம்பி. மண்டையில் நிற்பதில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. ஓர் இடத்தில் தெரியும் எண்ணை இன்னோர் இடத்துக்குத் தலையில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னது யார்?

சுமையைக் குறைக்கத் தெரியாமல் இல்லை. ஆதார் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்களை நான்கு நான்காகப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று துண்டாகப் படித்துவிடலாம். வங்கிப் பாஸ்புக்கில் கணக்கு எண் ஒரே சங்கிலியாக ஓடும். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு இலக்கமாகத் தள்ளித் தள்ளிப் படிப்பார்கள், நடுவில் மூன்று பூஜ்யம் வந்தால் தீர்ந்தது. இதில் சில தளங்கள் அந்த எண்ணை நாம் அடிக்கும்போது கரும்புள்ளியாக மறைக்கின்றன. பிறகு இரண்டாம் முறையும் அடிக்கச் சொல்கின்றன.

1967இல் லண்டன் என்ஃபீல்டில் பணம் தரும் இயந்திரத்தை நிறுவிய ஜான் ஷெப்பர்ட் பாரன் (நம் ஷில்லாங்கில் பிறந்தவர்) ரகசிய எண்ணுக்கு முதலில் ஆறு இலக்கம்தான் யோசித்தாராம். தனக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்று மனைவி சொன்னதால் நான்காக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளிடம் ஓடிபியைப் பற்றியும் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரியம்மாவின் விண்ணப்பம் நான்காம் முறை போய்ச் சேர்ந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, மருமகளை மூன்று மூன்றாகச் சொல்லச் சொன்னேன். தெலுங்கிலேயே கேட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பெரியம்மா அந்தத் தாளை வாங்கி மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். இனி அது எதற்கும் உதவாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.