ஹுவாவே அதிகாரி கைது: கனடா பேசாமல் விட்டிருக்கலாமா?

சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயின் அதிகாரி மெங் வான்சோவைக் கைது செய்து சீனாவின் பகையைத் தேடிக்கொள்வதற்குப் பதில் கனடா கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் பதில்.

2018 டிசம்பர் 1 அன்று வான்கூவர் விமான நிலையத்தில் அவரைப் பிடித்தது கனடா என்றாலும், கேட்டது அமெரிக்கா. அமெரிக்கா தடை விதித்திருந்த ஈரானில் தொழில் செய்த ஸ்கைகாம் கம்பெனிக்கும் ஹுவாவேக்கும் இருந்த தொடர்பைப் பற்றி ஹெச்எஸ்பிசி வங்கியிடம் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆட்களை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஹுவாவே நிறுவனரின் மகள், அதன் நிதிப் பொறுப்பு அதிகாரி என்று பார்த்து அவரை மட்டும் விட்டுவிட்டால், அப்புறம் அந்த ஒப்பந்தம் பணமும் பின்னணியும் இல்லாதவர்களுக்கு மட்டும்தானா?

இதைக் கெடுத்தது டிரம்ப் பேச்சு. கைதாகிப் பத்து நாள் கழித்து, சீனாவோடு வர்த்தக ஒப்பந்தம் முடிய உதவும் என்றால் இந்த வழக்கில் தலையிடத் தயார் என்று பேட்டி கொடுத்தார். இது நீதிமன்ற விவகாரம், அரசியல் கலப்பே இல்லை என்று கனடா தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

எனக்கு இன்றும் ஆறாதது இரண்டு மைக்கேல்களின் கதை. மெங் கைதான ஒன்பதாம் நாள், கனடாவின் முன்னாள் தூதரக அதிகாரி மைக்கேல் கோவ்ரிக்கையும் தொழில் செய்துவந்த இன்னொரு கனடாக்காரர் மைக்கேல் ஸ்பேவரையும் சீனா பிடித்தது. மெங் ஒரு கோடி கனடா டாலர் ஜாமீனில், காலில் ஜிபிஎஸ் கருவியோடு, வான்கூவரில் சொந்த வீட்டில் இருந்தார், பகலில் வெளியே போகலாம், வரலாம். கோவ்ரிக் இருந்த அறையிலோ இரவிலும் விளக்கை அணைக்க மாட்டார்கள். வழக்கை நீதி அமைச்சர் கைவிடலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு, அப்படிச் செய்யச் சொல்லி 2020இல் கனடாவின் பெரிய மனிதர்கள் பலர் கடிதமும் எழுதினார்கள். அன்றைய பிரதமர் ட்ரூடோ மறுத்தார்: ஆளைப் பிடித்துவைத்தால் காரியம் நடக்கும் என்று ஆகிவிட்டால் நாளைக்கு இன்னும் பலரைப் பிடிப்பார்கள் என்றார். குடும்பத்தாருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன், அவர் செய்தது சரி.

அடுத்த அடி விவசாயிக்கு. கனடா ஏற்றுமதி செய்யும் கனோலா விதையில் (நம் கடுகின் உறவு, எண்ணெய்க்கு) சுமார் 40 சதவீதத்தை வாங்கியது சீனா. 2019 மார்ச்சில் சரக்கில் பூச்சி இருக்கிறது என்று சொல்லி இரண்டு பெரிய நிறுவனங்களின் அனுமதியை நிறுத்தியது. அந்தச் சமயம் இங்கே ஏற்காட்டில் நாங்கள் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகுச் சரம் பறித்து, களத்தில் கொட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தோம். மிளகு நன்றாகக் காய்ந்து, கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் வரும் பதத்தில் இருந்தாலும் விலை நம் கையில் இல்லை, இலங்கை வழியாக வந்து இறங்கும் வியட்நாம் மிளகு ஒரே சீசனில் விலையை இறக்கிவிடும். அதனால் கனோலாச் செய்தி எனக்குத் தூரத்துச் செய்தியாகப் படவில்லை. வங்கிக்கும் ஈரானுக்கும் அந்த விவசாயிக்கும் என்ன சம்பந்தம்?

2021 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவோடு உடன்பாடு செய்துகொண்டு மெங் ஊருக்கு விமானம் ஏறினார், அன்றைக்கே இரண்டு மைக்கேல்களையும் சீனா விட்டது. வழக்குக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லை என்று அதுவரை சீனா சொன்னதை இதற்கப்புறம் யார் நம்புவது? கனோலாவுக்கு வழி திறந்தது 2022 மே மாதத்தில்தான்.