எந்தச் சுவருக்கு எந்தக் கரைசல்? வன்னிக் கட்டடங்களைக் கழுவுவது பற்றிய கேள்வி பதில்

பன்னிரண்டு ஆண்டுகள் கனடாவில் தொடர்மாடிக் கட்டடங்களின் வினைல் (பிவிசி) பலகைச் சுவர்களைக் கழுவும் வேலையில் இருந்தேன். இப்போது கிளிநொச்சியில் இருந்துகொண்டு பாடசாலை, மண்டபம், களஞ்சியம், ஆலை என்று பெரிய கட்டடங்களைக் கழுவிக் கொடுத்துவருகிறேன். மாரி முடிந்து சுவர்கள் கறுத்துக் கிடக்கும் இந்த மாசி மாதத்தில் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒரு களஞ்சிய உரிமையாளர்: எங்கள் களஞ்சியத்தின் முன்பக்கம் முழுவதும் வெள்ளை பிவிசி பலகை அடித்திருக்கிறோம். வடக்குப் பக்கத்தில் மட்டும் கரும்புள்ளிகள் படர்ந்துள்ளன. சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தோம். இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டன. பிளீச்சிங் எவ்வளவு கலக்க வேண்டும்?

வடக்குப் பக்கம் கறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய பெருமழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து வந்து அந்தச் சுவரில்தான் அடிக்கிறது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் அந்தச் சுவருக்கு வெயிலும் கிடைப்பதில்லை. ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். சவர்க்காரம் புழுதியையும் எண்ணெயையும் கழற்றுமே தவிர, பூஞ்சணத்தின் உயிரைப் போக்காது. நீங்கள் தேய்த்தபோது மேலே தெரிந்தது போய்விட்டது, பலகையின் பொருத்துகளுக்குள் இருந்தது மீண்டும் முளைத்தது. பிளீச் பூஞ்சணத்தைக் கொல்லும், ஆனால் புழுதியைக் கழற்றாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

சுவரில் படும் கரைசலில், பிளீச்சில் வேலை செய்யும் மருந்தான சோடியம் ஹைப்போகுளோரைற்று ஒரு வீதம் இருந்தால் போதும். கடையில் போத்தலில் விற்கும் வீட்டுப் பாவனைத் திரவம் பெரும்பாலும் ஐந்து வீத அளவில் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேருங்கள். பெரிய கலன்களில் வருவது பன்னிரண்டு வீதமானால், ஒரு பங்குக்குப் பதினொரு பங்கு தண்ணீர். கிணற்றுக்குப் போடும் 65 வீதக் குளோரின் தூள்தான் கிடைக்கிறது என்றால், லீற்றருக்கு 15 கிராம் கரைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைச் சுவருக்குக் கொண்டுபோனால் வெள்ளைப் படலம் கட்டும். பத்து லீற்றர் கரைசலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால், கரைசல் உடனே வழிந்து ஓடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கீழிருந்து மேலாகப் பூசுங்கள். கழுவும்போது மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மேலிருந்து பூசினால் அழுக்குக் கரைசல் காய்ந்த பலகையில் கோடாக வழிந்து, அந்தக் கோடு பிறகு எளிதில் போகாது. ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் புள்ளிகள் மண்ணிறமாகி மறைவதைக் கண்ணால் காணலாம். அதற்குமேல் விடாமல், காய்வதற்கு முன் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பரந்தனில் ஒரு கட்டடத்தை நண்பகலில் கழுவப்போய், கரைசல் காய்ந்து, சுவர் முழுவதும் வரிவரியாகத் தெரிந்து, கூலி வாங்காமல் முழுவதையும் மறுபடி கழுவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் விழும் சுவரில் நான் கைவைப்பதில்லை.

முள்ளியவளையைச் சேர்ந்த, இப்போது ரொறன்ரோவில் கட்டடப் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு தம்பி: அண்ணை, இங்கே மூன்று மாடிக் கட்டடம், வெளிச்சுவர் முழுவதும் வினைல் பலகை (சைடிங்). மேலாளர் வினாகிரி போதும் என்கிறார். கூட வேலை செய்பவர் உயர் அழுத்த இயந்திரம் இருந்தால் மருந்தே தேவையில்லை என்கிறார். எது சரி?

தம்பி, மேலாளர் சொல்வதில் உண்மை உண்டு. அமெரிக்காவில் இந்தப் பலகை செய்பவர்களின் சங்கமான வினைல் சைடிங் இன்ஸ்ரிரியூற் இலேசான பூஞ்சணத்துக்கு 70 வீதம் தண்ணீரும் 30 வீதம் வெள்ளை வினாகிரியும் கலந்த கரைசலையே பரிந்துரைக்கிறது. வாசற்பக்கம், பலகணிச் சுவர் போன்ற சிறிய இடங்களுக்கு அது நல்லது. பூங்கன்றுகளுக்கும் பிளீச் அளவுக்குத் தீங்கில்லை. ஆனால் மூன்று மாடிக் கட்டடத்தின் நான்கு பக்கத்துக்கும் 30 வீத வினாகிரி என்று கணக்குப் பார், எத்தனை கலன் என்று உனக்கே தெரியும். கரும்பூஞ்சணம் தடித்திருந்தால் அது போதவும் போதாது. அங்கே நான் மேலே சொன்ன ஒரு வீத பிளீச் கரைசலைப் பாவி. ஆனால் ஒரே நாளில் ஒரு பக்கத்தில் வினாகிரியும் மறுபக்கத்தில் பிளீச்சும் வைத்து வேலை செய்யாதே. இரண்டும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

அழுத்த இயந்திரம் போதும் என்று கூட வேலை செய்பவர் சொல்வதைக் கேட்காதே. வினைல் பலகை சுவரோடு இறுக்கி அறையப்படுவதில்லை. வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம்விட்டுத் தொங்கவிடப்படுகிறது. பன்னிரண்டு அடிப் பலகை பருவத்துக்குப் பருவம் அரை அங்குலம் வரை கூடிக் குறையும். அந்தப் பொருத்துகளுக்குள் கீழிருந்து மேல்நோக்கி அழுத்தத் தண்ணீர் அடித்தால், அது பலகைக்குப் பின்னால் போய் மரச்சட்டத்தை ஊறவைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் சுவரின் உள்ளே பூஞ்சணம் வளரும். குறைந்த அழுத்தத்தில் கரைசலைத் தெளித்து, கரைசலையே வேலை செய்யவிடு. அசற்றோன், எண்ணெய் நீக்கும் திரவங்கள், தளபாட மெருகு ஆகியவற்றை வினைல் பக்கம் கொண்டுபோகாதே.

இன்னொன்று. பூசுவதற்கு முன் ஒரு கறுப்புத் துணியை விரலில் சுற்றிப் பலகையில் தேய்த்துப் பார். துணியில் சோக்கட்டித் தூள் போல வெள்ளை ஒட்டினால், அது அழுக்கன்று. வெயிலில் பலகையின் மேற்படை சிதைந்து பொடியாகியிருக்கிறது. அதை எந்த மருந்தும் பழைய நிறத்துக்குக் கொண்டுவராது. அதில் ஓரிடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். வேலையைத் தொடங்குமுன்னரே மேலாளரிடம் அந்தத் துணியைக் காட்டிவிடு.

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி: பிளீச் மட்டும் போட்டால் கறை முழுதாகப் போகவில்லை. கழிப்பறை கழுவும் அசிற்றைக் கொஞ்சம் சேர்த்தால் வேகமாகப் போகும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

கூடாது. ஒரு துளியும் கூடாது. கழிப்பறைக்குப் பாவிக்கும் அசிற்றில் பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது பிளீச்சோடு சேர்ந்த உடனே குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவங்களையும் பிளீச்சோடு சேர்க்கக்கூடாது. கலந்த வாளி இப்போதும் அங்கே இருந்தால், அதன்மேல் குனிந்து பார்க்காமல், எல்லோரையும் காற்று வரும் திசைக்கு விலகி நிற்கச் சொல்லுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு திருமண மண்டப முகாமையாளர்: முன்சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் செம்மண் நிறமாக இருக்கிறது. பிளீச் அடித்தோம், நிறம் இன்னும் கூடினது போலத் தெரிகிறது. கழுவிய கண்ணாடியிலும் பலகையிலும் வெள்ளைப் புள்ளிகள் வேறு.

இரண்டு சிக்கல்களை நீங்கள் ஒன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். கிறவல் மண்ணின் சிவப்பு இரும்பினால் வருவது. இரும்புக் கறைக்குப் பிளீச் மருந்தில்லை; அது இரும்பை மேலும் கறலாக்கிச் சுவரில் இறுக்கிவிடும். முதலில் வெறுந்தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு தளர்ந்த மண்ணை எடுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். எஞ்சியதற்கு ஒக்சாலிக் அமிலம், லீற்றருக்கு 50 கிராம். அது நஞ்சு; கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவேண்டாம். அடித்த பிளீச் முழுதாகக் கழுவப்பட்டு, சுவர் ஒருநாள் காய்ந்த பிறகுதான் அதைப் பூசவேண்டும்.

வெள்ளைப் புள்ளிகள் உங்கள் கிணற்றுத் தண்ணீரிலிருந்து வருபவை. தண்ணீரில் சுண்ணாம்பு கூடவென்றால், கேத்திலின் அடியில் படிவதுபோலவே சுவரிலும் படியும். சாதாரண சவர்க்காரக் கட்டி அந்தத் தண்ணீரில் நுரைக்காமல் பிசுபிசுப்பாக ஒட்டுவதும் இதனால்தான். அங்கே பாத்திரம் கழுவும் திரவமே பொருத்தம். கடைசிக் கழுவலுக்கு மட்டும் மழைநீரோ குளத்துத் தண்ணீரோ பவுசரில் எடுத்துவருவது நல்லது. முடியாவிட்டால், தண்ணீர் காய்வதற்கு முன் இறப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பாடசாலை அதிபர்: எங்கள் வகுப்பறைக் கட்டடத்தின் அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை முழுவதும் பாசி. பெற்றோர்கள் சிரமதானமாக வந்து அழுத்த இயந்திரத்தால் கழுவித் தருவதாகச் சொல்கிறார்கள். எந்த மருந்து வாங்கிக் கொடுக்கலாம்?

அதிபர் அவர்களே, அவர்கள் நல்ல மனதோடு சொல்கிறார்கள்; ஆனாலும் தயவுசெய்து அந்தச் சிரமதானத்தை நிறுத்துங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் நார்கள் சீமெந்தால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுகள் போகப்போக மேற்பரப்புச் சீமெந்து அரிபட்டு, நார்கள் வெளியே வந்து நிற்கும். அழுத்தத் தண்ணீரோ கம்பித் தூரிகையோ பட்டால் அவை பெயர்ந்து, கழுவிய நீரோடு முற்றத்தில் படிந்து, காய்ந்தபின் காற்றில் எழும்பும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசு மூச்சோடு உள்ளே போனால் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த முற்றத்தில் விளையாடப்போவது பிள்ளைகள்.

பாசியால் கூரைக்கு உடனடிக் கேடு எதுவும் இல்லை. பார்வைக்கு அழகில்லை என்பதற்காக அதைத் தொடவேண்டாம். பீலிகள் அடைத்திருந்தால், ஈரமாக்கிவிட்டு, ஏணியில் நின்றபடி கையால் அள்ளி எடுக்கச் சொல்லுங்கள். யாரையும் கூரைமேல் ஏறவிடாதீர்கள். பழைய சீற் மனிதப் பாரத்தைத் தாங்காது. பெற்றோரின் உழைப்பை உள்ளே இருக்கும் சுவர்களுக்கும் ஜன்னல்களுக்கும் திருப்பிவிடுங்கள்.

முருங்கனிலிருந்து ஒரு நெல் ஆலைக்காரர்: உமி எரிக்கும் அடுப்பின் புகைக்கரி பிவிசி பலகையில் பிசுக்காக ஒட்டியிருக்கிறது.

சலவைச் சோடா, பத்து லீற்றருக்கு இருநூறு கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில். அலுமினிய ஜன்னல் சட்டங்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரம் பட்டால் அவை மங்கிப்போகும்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ஒரு தம்பி: எங்கள் மீன் வாடியின் சுவர் துத்தநாகமும் அலுமினியமும் பூசிய தகடு. பிளீச் அடிக்கலாமா?

வேண்டாம். பிளீச்சில் உள்ள குளோரைட்டு கடலுப்பு செய்வதையே செய்து பூச்சைத் தின்னும். பாத்திரம் கழுவும் திரவமும் நல்ல தண்ணீரும் போதும். கூரை விளிம்புக்குக் கீழே, மழை எட்டாத மேல்வரிசைத் தகட்டை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். கறல் முதலில் பிடிப்பது அங்கேதான். நான் கடலோரக் கட்டடங்களில் அந்த இடங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறுந்தண்ணீரால் கழுவச் சொல்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு அம்மா: சுவரை ஒட்டிக் கிணறும் கத்தரித் தோட்டமும் இருக்கின்றன. மாடுகளும் அங்கே தண்ணீர் குடிக்கும். பிளீச் அடிக்கலாமா?

அம்மா, கிணற்றைத் தறப்பாளால் மூடி, விளிம்பைச் சுற்றி மண் அணைத்துவிடச் சொல்லுங்கள். சுவரைக் கழுவுமுன் கத்தரிக் கன்றுகளை வெறுந்தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு, கழுவி முடிந்ததும் இன்னொரு முறை நனையுங்கள். ஈரமான இலையில் பிளீச் பிடிப்பது குறைவு. மாடுகளை அன்று வேறிடத்தில் கட்டுங்கள். வழிந்தோடும் நீர் வாய்க்காலுக்குப் போகாமல் மண்ணில் ஊறும்படி ஒரு குழி வெட்டிவையுங்கள், ஏனென்றால் குளோரின் கலந்த நீர் குளத்தை எட்டினால் மீன்கள் சாகும். இந்த ஒழுங்குகள் முடியாது என்றால், கிணற்றுப் பக்கச் சுவருக்குப் பிளீச் வேண்டாம்; சோடியம் பேர்காபனேற்றுத் தூள் கிடைத்தால் அதை வெந்நீரில் கரைத்துப் பூசுங்கள். அது நேரம் எடுக்கும், இரண்டு முறை பூசவும் வேண்டிவரும். ஆனால் கரைந்தபின் எஞ்சுவது சலவைச் சோடாவும் தண்ணீரும் ஒட்சிசனும் மட்டுமே.