ஆபீஸில் ப்ரொனவுன் கேட்கிறார்கள்: எழுதியே ஆகணுமா?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளருக்கான ப்ராஜெக்ட். மெயில் கையொப்பத்திலும் டீம்ஸ் ப்ரொஃபைலிலும் அவரவர் ப்ரொனவுனை, அதாவது தன்னை 'ஹி' என்று குறிப்பிடவேண்டுமா 'ஷி' என்று குறிப்பிடவேண்டுமா என்பதை, சேர்க்கச் சொல்லி எச்.ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் நடத்தும் மீட்டிங்குகளிலும் பெயர், பொறுப்பு, ப்ரொனவுன் என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிறார்கள். எழுதியே ஆகணுமா? என் டீமில் ஒருவர், தான் ஒரு திருநங்கை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் தெரியாது. எல்லோரையும் சொல்லச் சொன்னால் அவர் என்ன செய்வார்? நான் என்ன செய்யணும்?

பதில்: எழுதியே ஆகவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. பான் எண், பி.எஃப். கணக்கு மாதிரி நிறுவனம் கேட்டு வாங்கியே தீரவேண்டிய விவரமும் இல்லை. எனவே முதலில் அந்த மெயிலை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட மெயில்களில் பெரும்பாலும் 'விரும்பினால் சேர்க்கலாம்' என்றுதான் இருக்கும். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி டீமுக்கு வந்து சேரும்போது அது 'வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் போட்டுடுங்க' ஆகிவிடுகிறது. கட்டாயம் என்றே எழுதியிருந்தால் எச்.ஆருக்கு மூன்று கேள்விகளை மெயிலில் அனுப்புங்கள். காலியாக விட்டால் நடவடிக்கை ஏதும் உண்டா? இந்த விவரம் எந்த சிஸ்டத்தில் இருக்கும், யார் யார் பார்க்கலாம்? பின்னால் மாற்றவோ நீக்கவோ முடியுமா? வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். அதனால் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தன்னைப் பற்றித் தானே சொல்வது ஒன்று. அடுத்தவர் தன்னை எப்படிக் குறிப்பிடச் சொன்னாரோ அப்படிக் குறிப்பிடுவது மற்றொன்று. முதலாவது அவரவர் விருப்பம். இரண்டாவது சக ஊழியருக்குக் கொடுத்தே ஆகவேண்டிய மரியாதை. பல அலுவலகங்கள் முதலாவதைக் கட்டாயமாக்கிவிட்டு இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன.

உங்களைப் பொறுத்தவரை எழுதினால் ஒரு லாபம் உண்டு. ஜோதி, கிரண், மணி, கிருபா என்ற பெயர்களைப் பார்த்து ஆணா பெண்ணா என்று டெக்சாஸில் இருப்பவருக்குச் சொல்லத் தெரியாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சிஸ்டத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் மரியாதையாக 'டியர் மிஸ்டர் சுப்பிரமணியன்' என்று ஆரம்பித்தால் அது அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஆகிவிடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் 'ஷி/ஹர்' என்று இருந்தால் இந்தக் குழப்பம் வராது. அதுகூட வேண்டாம் என்றால் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டாலே போதும்.

எழுதுவது எளிது. கையொப்பத்தில் பெயருக்கு அடுத்தோ அதன் கீழ் வரியிலோ, சின்ன எழுத்தில், 'ஷி/ஹர்', 'ஹி/ஹிம்', அல்லது ஆண், பெண் என்ற இரண்டு சொல்லும் வேண்டாம் என்பவர்கள் 'தே/தெம்' என்று எழுதுவார்கள். முதல் சொல் எழுவாயாக வரும்போது, இரண்டாவது செயப்படுபொருளாக வரும்போது. 'ஷி/தே' என்று யாராவது எழுதியிருந்தால் இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குச் சம்மதம் என்று பொருள். அந்த இடத்தில் 'தல/தளபதி' என்று எழுதி கலாய்க்கிறவர்களும் உண்டு. எழுதுபவருக்கு ஒரு நாள் சிரிப்பு. உண்மையில் தேவைப்பட்டு எழுதியவருக்கு, இந்த ஃப்ளோரில் வாயைத் திறக்கக் கூடாது என்ற அறிவிப்பு. உங்கள் டீமில் யாராவது அப்படி எழுதினால் தனியாகக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கே எழுதினால் யாருக்குத் தெரியும் என்பதுதான் முக்கியம். பலர் கோட்டை விடுவதும் இதில்தான். அவுட்லுக் கையொப்பம் மெயிலோடு வெளியே போய்விடும். மூன்று முறை ஃபார்வர்டு ஆனால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. டீம்ஸில் ப்ரொஃபைல் கார்டில் வரும் ப்ரொனவுன் கட்டம் நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கானது. அட்மின் அதை இயக்கினால்தான் தெரியும். இயல்பில் அணைத்தே இருக்கும். உங்கள் திரையில் கட்டமே காணோம் என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இன்னும் இயக்கவில்லை என்று அர்த்தம். ஜூமில் ப்ரொஃபைலில் எழுதியபிறகு, மீட்டிங்கில் எப்போதும் காட்டு, ஒவ்வொரு முறையும் என்னைக் கேள், காட்டாதே என்று மூன்று தேர்வுகள் வரும். இரண்டாவதை வைத்துக்கொள்வது நல்லது. ஸ்லாக் சாட் ஆப்பில் வாடிக்கையாளரோடு பகிர்ந்த சேனல் இருந்தால் அவர்களும் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து பார்க்கலாம். லிங்க்ட்இனில் எழுதினால் ஊருக்கே சொன்ன மாதிரி. வரன் விசாரிக்கிற மாமா முதலில் திறப்பது அதைத்தான். அங்கே யாருக்குத் தெரியவேண்டும் என்பதைத் தொடர்பில் உள்ளவர்களோடு நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது.

எச்.ஆர். பதிவேட்டில் இருக்கும் பாலினம் இதிலிருந்து முற்றிலும் வேறு. ஆதார், பான், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு எல்லாம் அதோடுதான் பொருந்தவேண்டும். மெயில் கையொப்பத்தில் எதை எழுதினாலும் அவற்றில் ஓர் எழுத்துகூட மாறாது. பல நிறுவனங்களில் இரவு கேப் பட்டியல் தயாராவதும் எச்.ஆர். பதிவை வைத்துத்தான்.

எழுத வேண்டாம் என்று தோன்றினால் காலியாக விடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மீட்டிங்கில் பெயரும் பொறுப்பும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடி கேட்டால் 'பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்' என்ற ஒரு வரி. அங்கே கொள்கை விளக்கம் கொடுக்கப் போனால் மீட்டிங் வேறெங்கோ போய்விடும்.

இனி உங்கள் டீமில் இருப்பவர். எல்லோரும் வரிசையாகச் சொல்லவேண்டும் என்றால் அவருக்கு மூன்று வழிகள்தான். 'ஹி' என்று சொன்னால் பலபேர் முன்னால் தன்னையே மறுக்கிறார். 'ஷி' என்று சொன்னால், தயாராகாத நேரத்தில், தயாராகாத இடத்தில் வெளிப்படுகிறார். அவர் மட்டும் சொல்லாமல் விட்டால் எல்லோர் கண்ணும் அவர்மேல் விழும். நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு யாருக்காக வந்ததோ அவரையே மாட்டிவிடுவது இப்படித்தான். இதற்கு ஒரே மாற்று, சொல்லாமல் விடுவதும் அந்த டீமில் சாதாரணமாக இருக்கவேண்டும். பத்துப் பேர் எழுதி ஒருவர் மட்டும் எழுதவில்லை என்றால் அந்தக் காலி இடமே பேசும். ஐந்து பேர் எழுதி ஆறு பேர் விட்டிருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே யார் போட்டார், யார் போடவில்லை என்று எக்செல்லில் பட்டியல் எடுக்காதீர்கள். நினைவூட்டல் மெயிலும் வேண்டாம். 'எச்.ஆர். மெயில் பார்த்திருப்பீங்க, விருப்பம் இருக்கிறவங்க சேர்க்கலாம்' என்று ஒரே ஒரு முறை சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

வாடிக்கையாளர் மீட்டிங்கை நடத்துபவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்: எங்கள் டீமுக்குப் பெயரும் பொறுப்பும் போதும், ப்ரொனவுன் விரும்புகிறவர்கள் மட்டும் சொல்லட்டும். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்ற வாடையே அதில் வரக்கூடாது. மீட்டிங்கில் நீங்கள் முதலில் பேசுங்கள், பெயரும் பொறுப்பும் மட்டும் சொல்லுங்கள். முதல் ஆள் எந்த வடிவத்தில் சொல்கிறாரோ பின்னால் வருபவர்கள் பெரும்பாலும் அதையேதான் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் கையொப்பத்தில் ப்ரொனவுன் இருப்பதற்கும் இதற்கும் முரண்பாடு கிடையாது. கையொப்பம் யாரையும் பதில் சொல்ல வைப்பதில்லை.

அவரிடம் தனியாகப் பேசுங்கள். டீம்ஸ் சாட்டில் வேண்டாம். அலுவலக சாட் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படுகிறது, தேவைப்பட்டால் எடுத்துப் பார்ப்பார்கள். டீ குடிக்கும்போது, நேரில் பேசுங்கள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: எந்தப் பெயரை, எந்த ப்ரொனவுனை எங்கெங்கே பயன்படுத்தலாம்? உங்களோடு பேசும்போது, டீம் முன்னால், வாடிக்கையாளரிடம், எச்.ஆரிடம், வீட்டுக்குப் பேச நேர்ந்தால் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியில் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் ஆபீஸில் மயங்கி விழுந்தார் என்று வையுங்கள். அவசரத் தொடர்பு எண்ணுக்கு நீங்கள்தான் போன் செய்வீர்கள், எடுப்பது அப்பா. அங்கே எந்தப் பெயரைச் சொல்வது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று சற்று உறுத்தும்: அவர் வெளியே சொல்லாதவரை, டீமில் மற்றவர்கள் 'அவன்' என்று பேசினால் நீங்கள் திருத்தக் கூடாது. திருத்தினால் நீங்களே போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவரோடு தனியாகப் பேசும்போது அவர் சொன்னபடியே பேசுங்கள்.

அவர் வெளியே சொல்லத் தயாரானபின் வேலை ஐ.டி. துறைக்குப் போகும். டீம்ஸ், மெயில் ஆகியவற்றில் தெரியும் பெயரை மாற்றலாம். பல சிஸ்டங்களில் இதற்குச் சட்டப்படியான பெயர் மாற்றம் தேவையில்லை. மெயில் ஐ.டி.யை மாற்றும்போது பழையதை ஏலியாஸாக (அதே பெட்டிக்கு வரும் இன்னொரு முகவரியாக) வைப்பது ஐ.டி. துறையின் வழக்கம். பழைய மெயில்கள் தவறாமல் வந்துசேரும், ஆனால் பழைய பெயரும் எங்காவது எட்டிப்பார்க்கும். வைக்கலாமா என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அடையாள அட்டை, ஜிரா டிக்கெட்டுகள், பழைய மீட்டிங் பதிவுகளில் இருக்கும் பெயர் ஆகியவை ஒவ்வொன்றும் தனி வேலை. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில் ப்ரொனவுனைச் சரியாகச் சொல்லிவிட்டு, ப்ரேக்கில் தமிழில் பேசும்போது சறுக்குவது நம் ஊர் டீம்களில் வழக்கம். எழுத்தில் 'அவர் வந்தார்' யாருக்கும் பொருந்தும். பேச்சில் அப்படி இல்லை. 'அவரு வந்தாரு' என்றால் ஆண் என்றுதான் காதில் விழும். திருநங்கையைப் பற்றியோ 'தே/தெம்' என்று சொல்பவரைப் பற்றியோ பேசும்போது 'அவங்க வந்தாங்க' தான் சரி. மரியாதையும் இருக்கும், யாரையும் எந்தப் பக்கமும் தள்ளாது. அதைவிடப் பெரிய பொறி சார், மேடம், அண்ணா, அக்கா, தம்பி, ப்ரோ. 'ஷி' என்று தவறாமல் சொல்லிவிட்டு 'என்ன ப்ரோ, லஞ்ச் போலாமா' என்றால் சொன்னது வீண். எது பிடிக்கும் என்று கேளுங்கள், தெரியாத இடத்தில் பெயரைச் சொல்லுங்கள்.

தவறிச் சொல்லிவிட்டால் அதே மூச்சில் திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். 'அவன்... சாரி, அவங்க அனுப்பின ஃபைல்ல' என்பதோடு முடிந்தது. ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் கடைசியில் அவர் உங்களைச் சமாதானப்படுத்தவேண்டி வரும். மத நம்பிக்கையாலோ வேறு காரணத்தாலோ அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன் என்பவர் டீமில் இருந்தால், பெயரைச் சொல்லிப் பேசட்டும். நடைமுறையில் இதுவே பெரும்பாலும் போதும். மற்ற எல்லோரையும் சரியாகக் குறிப்பிட்டுவிட்டு இவரை மட்டும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லித் தொடர்ந்தால் அது கருத்து வேறுபாடு இல்லை, துன்புறுத்தல்.

அப்போது சட்டம் வரும். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கும் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (2019), பிரிவு 9-ல் வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு உட்பட எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. பிரிவு 11, ஒவ்வொரு நிறுவனமும் புகார்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிக்கவேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தில் அவர் யார் என்று எச்.ஆரிடம் பொதுவாகக் கேட்டு வையுங்கள், பெயர் எதுவும் சொல்லாமல். நடந்த தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று குறித்து வைப்பதைப் பாதிக்கப்பட்டவரே செய்யட்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதும் அவர் முடிவு.

கடைசியாக வாடிக்கையாளர். ப்ரொனவுன் அங்கிருந்து வந்த பழக்கம்தான். ஆனால் அங்கேயே இப்போது ஒரே நிலைப்பாடு இல்லை. 2025 ஜனவரி இறுதியில் அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களின் மெயில் கையொப்பத்திலிருந்து ப்ரொனவுனை நீக்கச் சொன்னது. உங்கள் வாடிக்கையாளர் அந்த அரசுக்கு வேலை செய்பவராக இருந்தால் நாளைக்கு அவர்களே எடுக்கச் சொல்லலாம். அடுத்த ப்ராஜெக்ட் வளைகுடாவுக்கு என்றால் நிலைமை இன்னும் வேறு. ஆகவே அவுட்லுக்கில் இரண்டு கையொப்பங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று உள்ளே போகும் மெயில்களுக்கு, ஒன்று வெளியே போவதற்கு. புதிய மெயிலுக்கும் பதில் மெயிலுக்கும் எந்தக் கையொப்பம் என்று அவுட்லுக் தனித்தனியாகக் கேட்கும். புதிய மெயிலுக்கு மட்டும் மாற்றிவிட்டு பதில் மெயிலை மறப்பவர்கள்தான் அதிகம். போனில் இருக்கும் அவுட்லுக் ஆப்பின் கையொப்பத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.