காலனிக்கு மட்டும் போர்வெல் தண்ணீர்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா?

காலனிக்கு போர் தண்ணீர்தான் வருகிறது, மகளின் பல்லில் பழுப்புக்கறை விழுந்திருக்கிறது, சின்ன மகனும் அதைத்தான் குடிக்கிறான், கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு (நிலத்தடி நீரில் கரைந்திருக்கும், அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் தாது) போகுமா என்று தருமபுரிப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட ஒரு லிட்டரில் உள்ள ஃபுளோரைடின் அளவு கூடத்தான் செய்யும். போர் தண்ணீரைத் துவைக்க, குளிக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர்தான் வேண்டும்.

அது ஊருக்குள் வருகிறது, காலனிக்கு வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காலனி பைப் கடைசி முனையில் இருக்கும். ஊர்க் குழாய்கள் எல்லாம் திறந்திருக்கும்போது அழுத்தம் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு ஈடாக ஒரு போர், ஒரு பிளாஸ்டிக் தொட்டி. (தருமபுரிக்கு ஒகேனக்கல் திட்டம் வந்ததே போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுக்காகத்தான்!)

1. தண்ணீர் விடும் நாளில், ஊருக்குப் போகும் வால்வை அரை மணி நேரம் மூடும்படி தண்ணீர் திறந்துவிடுபவரிடம் சொல்லிப் பாருங்கள். காலனியில் ஏறினால் பைப் சரியாக இருக்கிறது, பங்கீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

2. ஊர்க் குழாய், காலனித் தொட்டி இரண்டிலும் தனித்தனி பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. இரண்டு முடிவுகளையும் சேர்த்துக் காட்டி கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள்.

மகளின் பழுப்புக்கறை ஃபுளோரைடால்தானா என்று பல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். விழுந்த கறை தண்ணீரை மாற்றினால் மறையாது. ஆனால் சின்னவனுக்கு நிலைப்பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும், அவனுக்கு இப்போதே மாற்றுங்கள்.