சி பாடத்தில் அரியர்: ஏற்காட்டு அம்மாவுக்கும் மகனுக்கும்

அம்மா, வணக்கம்.

மகனுக்கு இரண்டாவது செமஸ்டரில் சி புரோகிராமிங் அரியர் விழுந்துவிட்டது, 'எனக்கு கோடிங்கே வராது' என்கிறான், லீவுக்குக்கூட மலையேறி வீட்டுக்கு வராமல் சேலம் ஹாஸ்டலிலேயே கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் பைத்தானும் ஏஐயும் சேர்த்து 40,000 ரூபாய்க்குச் சொல்லித் தருகிறார்களாம், சேர்த்துவிடலாமா, இல்லை பிராஞ்சையே மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதி உங்களுக்கு, மீதி தம்பிக்கு. படித்துவிட்டு அவனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய மார்க் விவரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. அதே பாடத்தின் லேபில் தம்பி நல்ல மார்க் வாங்கியிருக்கிறான், தியரியில்தான் போயிருக்கிறது. என்னிடம் வரும் முதலாண்டுப் பிள்ளைகளிடம் இது அடிக்கடி பார்க்கும் கதை. ரெக்கார்டு நோட்டில் இருக்கும் புரோகிராம்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவிடுவார்கள். லேப் பரீட்சையில் அதில் ஒன்று வரும், அப்படியே அடித்துவிடுவார்கள், அவுட்புட் வந்துவிடும். தியரித் தாளில் அதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் கை நின்றுவிடும். நீங்கள் தையல் கடை வைத்திருப்பதால் உங்களுக்கு எளிதாகப் புரியும்: ஒருவர் அளவை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதே அளவில் ரவிக்கை வெட்டினால் என்ன ஆகும்? தம்பிக்கு அளவெடுக்கவே இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அவனுக்கு இது வராது என்று ஆகிவிடாது.

தம்பி, இனி உனக்கு.

ரெக்கார்டை மூடி வை. ஒரு வெள்ளைத் தாளில் இதை எழுதிப் பார்: ஐந்து பாட மார்க்கைக் கேட்டு வாங்கி, சராசரியைச் சொல்ல வேண்டும். சி மொழியில் வேண்டாம், தமிழில் எழுது. 'மொத்தம் என்று ஒரு இடம் வைத்துக்கொள். அதில் முதலில் 0 போடு. ஐந்து முறை திரும்பத் திரும்ப, ஒரு மார்க்கை வாங்கி மொத்தத்தோடு கூட்டு. கடைசியில் 5-ஆல் வகு.' இதை உன் சொந்த வார்த்தையில் எழுத முடிந்தால் புரோகிராமிங்கில் கடினமான பகுதி முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் சி மொழிக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி. எழுத முடியவில்லை என்றால், நீ இத்தனை நாள் சி-யைத் திட்டியது வீண். பழக வேண்டியது படிப்படியாக யோசிப்பதை. அதைப் பழக கம்ப்யூட்டரே தேவையில்லை.

அடுத்தது, நீ எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் காட்டும் பிழைச் செய்தி. முதலாண்டுப் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பதே இல்லை. சிவப்பாக ஏதோ வந்ததும் பக்கத்து சீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார்கள். இதில் நினைவில் வைக்க வேண்டியது மூன்றே. 25 பிழை காட்டினால் முதலாவதை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்; மீதியில் பெரும்பகுதி தானாகவே போய்விடும், ஏனென்றால் அவை முதல் பிழையின் வால்கள். காட்டும் வரியில் ஒன்றும் தப்பில்லை என்றால் அதற்கு முந்தைய வரியின் கடைசியைப் பார், அங்கே ஒரு அரைப்புள்ளி (;) விட்டுப்போயிருக்கும். 'அன்டிக்ளேர்ட்' என்று வந்தால் அந்தப் பெயரை நீ அறிவிக்கவே இல்லை, அல்லது எழுத்தைப் பெரியது சின்னது மாற்றி அடித்திருக்கிறாய். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்கு இந்த ஆங்கிலம் மலைப்பாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் கம்பைலர் திரும்பத் திரும்பச் சொல்வது சில டஜன் சொற்கள்தான். ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கம்பைல் ஆகாத புரோகிராம் நல்ல பிள்ளை. தப்பை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். கம்பைல் ஆகி, ஓடி, தப்பான விடை தரும் புரோகிராம்தான் ஆபத்து. உன் தியரித் தாளில் மார்க் போனது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும்.

ஏற்காட்டில் காலையில் 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்ற 9/5-ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும். 68 வரவேண்டும். சூத்திரத்தை அப்படியே (9/5) என்று அடைப்புக்குள் எழுதிப் பெருக்கினால் 52 வரும்! கணக்கு தப்பில்லை, சூத்திரமும் தப்பில்லை. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். 9/5 என்பது அதற்கு 1. இதில் இன்னொரு குறும்பும் உண்டு. முதலில் 9-ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு 5-ஆல் வகுக்கும்படி எழுதினால் 20-க்குச் சரியாக 68 வந்துவிடும். சரி, முடிந்தது என்று நீ எழுந்து போய்விடுவாய். 21 கொடுத்துப் பார்: 69.8 வரவேண்டிய இடத்தில் 69 வரும். அதனால்தான் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துச் சோதித்துவிட்டு நிறுத்தாதே என்கிறேன். 9.0/5 என்று எழுதி, விடையைத் தசம எண்ணாக வைத்தால் தீர்ந்தது. மார்க் சராசரியிலும் இதே வெட்டுதான் விழும்.

அடுத்தது ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. ரெக்கார்டில் கட்டாயம் இருக்கும். உன் காலேஜ் லேபில் கம்பைலராக நீலத் திரை டர்போ சி இருந்தால், அது 1990-களின் தொடக்கத்து மென்பொருள் என்பதைத் தெரிந்துகொள். அதில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' என்றால் 16 பிட், அதிகபட்சம் 32,767. ஆகவே 7-க்கு 5,040 சரியாக வரும். 8-க்கு 40,320 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 25,216 வரும். அதே புரோகிராமை லேப்டாப்பில் ஜிசிசி என்ற புதிய கம்பைலரில் ஓட்டினால் 'இன்ட்' 32 பிட் என்பதால் 12 வரை சரியாகப் போகும், 13-இல் உடையும். 622 கோடிக்கு மேல் வரவேண்டியது 193 கோடியாக நிற்கும். மைனஸ் வந்தாலாவது சந்தேகம் வரும், இது சரியான விடை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். இன்னும் பெரிய எண் கொள்ளும் 'லாங் லாங்' போட்டால் 20 வரை போகலாம். 'லேபில் ஒரு விடை, ரூமில் ஒரு விடை, எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று பிள்ளைகள் புலம்புவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வித்தியாசம் இருக்கும்.

சின்னச் சின்ன இடறல்களும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'இஃப்' அடைப்புக்குள் == போட வேண்டிய இடத்தில் ஒற்றை = போட்டால் அது ஒப்பிடாது, மதிப்பையே மாற்றிவிடும்; 'மார்க் = 100' என்று எழுதினால் வகுப்பில் எல்லாருக்கும் சென்டம். திரும்பத் திரும்ப ஓட்டும் 'ஃபார்' வரியின் முடிவில் அரைப்புள்ளி (;) வைத்தால் லூப் வெறுமனே சுற்றிவிட்டு, உள்ளே இருப்பதாக நீ நினைத்த வரி கடைசியில் ஒரே ஒரு முறை ஓடும். 1 முதல் 5 வரை அச்சிடச் சொன்னால் 6 என்று மட்டும் வரும். மொத்தத்தில் 0 போடாமல் கூட்டத் தொடங்கினால் ஏற்கெனவே அங்கே கிடந்த குப்பையோடு கூட்டும். ஐந்து இடங்களை வரிசையாக அடுக்கிய அர்ரேயில் இட எண்கள் 0 முதல் 4 வரை; <= போட்டு 5-ஐத் தொட்டால் அது உன் இடமே இல்லை, ஆனால் சி உன்னைத் தடுக்காது. எண்ணை வாங்கியதும் ஒரு எழுத்தை வாங்கச் சொன்னால் கேட்காமலே தாண்டிப் போகும்; நீ முன்பு தட்டிய என்டரை அது எழுத்தாக எடுத்துக்கொண்டது. அந்த எழுத்தை வாங்கும் ஸ்கேன்எஃப் வரியில் % குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டால் சரியாகும். இரண்டு பெயர்கள் ஒன்றா என்று == போட்டுப் பார்க்காதே; அதற்கு 'எஸ்டிஆர்சிஎம்பி' (strcmp) இருக்கிறது. பழைய புத்தகத்தில் ஒரு வரியை வாங்க இருக்கும் 'கெட்ஸ்' (gets) சி மொழியின் 2011 தரத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது, 'எஃப்கெட்ஸ்' (fgets) பழகு.

எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் & விட்டுப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். '& போடணும் சார், ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கு' என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. வாங்கும் எண்ணை எங்கே கொண்டு வைக்க வேண்டும் என்ற முகவரியை ஸ்கேன்எஃப் கேட்கிறது; & என்பது அந்த முகவரி. விடையை அச்சிடும் பிரிண்ட்எஃப்-க்கு மதிப்பு போதும், அதனால் அங்கே & இல்லை. இது புரிந்துவிட்டால், எல்லாரும் பயமுறுத்தும் பாயிண்டரில் பாதி புரிந்துவிட்டது. முகவரியை வைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் பாயிண்டர் என்று பெயர்.

இவற்றில் பலவற்றைக் கம்பைலரே எச்சரிக்கும், நீ கேட்டால். ஜிசிசி கட்டளையோடு '-Wall' சேர்த்து ஓட்டு. எச்சரிக்கை வந்தாலும் புரோகிராம் ஓடும், ஆனாலும் விடாதே. ஒன்றுகூட வராத நிலை வரும்வரை திருத்து. டர்போ சி-யை லேபோடு விட்டுவிட்டு, உன் லேப்டாப்பில் கோட் பிளாக்ஸோ ஜிசிசியோ போட்டுக்கொள். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் இருப்பதாக அம்மா எழுதியிருக்கிறார். சி-க்கு அது தாராளம். ஆன்லைன் கம்பைலர் வசதிதான், ஆனால் மலைமேல் சிக்னல் எப்போது இருக்கும் என்று உனக்கே தெரியும். லேப்டாப்பிலேயே கம்பைலர் இருந்தால் வீட்டில் இருக்கும் நாளும் வீணாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிரை ரன். தாளில் கட்டம் போடு. ஒவ்வொரு வேரியபிளுக்கும், அதாவது மதிப்பு வைக்கும் இடத்துக்கும், ஒரு பத்தி. புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் நீயே கம்ப்யூட்டராக இருந்து ஓட்டி, மதிப்பு மாறும்போதெல்லாம் அந்தப் பத்தியில் எழுது. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தியரித் தாளில் 'இதன் அவுட்புட் என்ன' என்ற கேள்விக்கு வேறு மருந்து எனக்குத் தெரியாது. பல நிறுவனங்களின் எழுத்துத் தேர்விலும் இதே வகைக் கேள்விதான். ஜோஹோ மென்பொருள் நிறுவனத்துக்குத் தயாராகும் பிள்ளைகளைக் கேட்டுப் பார், சி அவுட்புட் கேள்விகளைத்தான் முதலில் காட்டுவார்கள்.

விளக்கம் தமிழில் கேட்க வேண்டும் என்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் சி பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. கொஞ்சம் பிடிபட்டதும் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி காரக்பூரின் சி புரோகிராமிங் வகுப்பைப் பார்க்கலாம். இரண்டும் இலவசம், என்பிடெல்லில் சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதே.

அம்மா, மறுபடி உங்களுக்கு.

'இந்தக் காலத்தில் யார் சி-யில் வேலை செய்கிறார்கள், பைத்தான்தானே எல்லாம்' என்று இன்ஸ்டிடியூட்டில் சொன்னார்களாம். பாதி உண்மை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி இது, வயதானதுதான். ஆனால் நாம் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருக்கும் மைய மென்பொருளான லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் சி-யில் எழுதியது. அவர்கள் விற்கும் பைத்தானே, பெரும்பாலோர் பயன்படுத்தும் வடிவம், சி-யில் எழுதப்பட்டதுதான். கார், மீட்டர், மருத்துவக் கருவிக்குள் இருக்கும் சிப்புகளுக்கு எழுதும் எம்பெடட் வேலைக்கு இன்றும் சி வேண்டும். எம்.டெக் சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் சி புரோகிராமிங் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அதே சமயம், சி மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். இதன்மேல் வரும், தகவலை அடுக்கி வைக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் சோறு போடும். சி தடுமாறினால் அதுவும் தடுமாறும், அதனால்தான் இப்போதே பிடிக்கச் சொல்கிறேன். கோடிங் தேர்வை அவன் பின்னாளில் பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதட்டும், தப்பே இல்லை.

அரியரைப் பற்றி: முதலாண்டில் ஒரு பாடம் போனதால் வாழ்க்கை போய்விடாது. ஆனால் பல நிறுவனங்கள் இன்டர்வியூ சமயத்தில் நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. சில, முன்பு அரியர் வைத்திருந்ததையே கேட்கின்றன. ஆகவே அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடிக்கட்டும். தள்ளிப்போட்டால் மூன்றாவது செமஸ்டர் பாடங்களோடு சேர்ந்து பாரம் இரண்டாகும்.

பிராஞ்ச் மாற்றம் பற்றி யோசிக்க எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம், மனப்பாடம் இல்லாமல், ஒரு சின்னக் கணக்கைத் தானே யோசித்து எழுதட்டும். அப்போதும் தப்பைக் கண்டுபிடிக்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம்கூட வரவில்லை, வெறுப்புதான் வருகிறது என்றால் உட்கார்ந்து பேசலாம். அப்போதும் டிகிரியை விடச் சொல்ல மாட்டேன். நெட்வொர்க், டெஸ்டிங், சப்போர்ட் என்று அதிகம் கோடிங் இல்லாத வேலைகள் இதே படிப்புக்குள் இருக்கின்றன. மார்க் குறைந்த வருத்தத்தில் எடுக்கும் முடிவை மட்டும் நான் நம்புவதில்லை.

இன்ஸ்டிடியூட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டவில்லை என்றால் நிறுத்திவையுங்கள். கட்டியிருந்தால் ரசீதில் பணம் திரும்பத் தருவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். '100% வேலை உத்தரவாதம்' என்று வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மீதித் தொகையை அரியர் ரிசல்ட் வரும்வரை தராதீர்கள். தம்பியை இந்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். விடைத்தாள் நகல் வாங்கியிருந்தால் கொண்டுவரட்டும், எந்தக் கேள்வியில் எவ்வளவு போனது என்று சேர்ந்து பார்த்துவிடலாம். மறுமதிப்பீட்டுக்குப் போட வேண்டுமானால் காலேஜில் கடைசித் தேதியை இன்றே விசாரிக்கச் சொல்லுங்கள். அதற்கு நாள் குறைவாகத்தான் தருவார்கள்.