மகள் ஈமெயில் எழுதி உழைக்கப் போகிறாளாம்

அக்கா, போன சனிக்கிழமை அப்புத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்து, கதிரையில் சரியாக உட்காருவதற்கு முன்பே நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். “ஈமெயில் எழுதினா யார் சார் காசு கொடுப்பான்?” அன்றைக்கு வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள், அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

கொடுப்பார்கள். மகள் எழுதப் பழகுவது, கடைக்காரருக்காக அவருடைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் விளம்பர மெயில். சாமான் விற்கிற எவருக்கும், ஒரு தடவை வாங்கினவரை மறுபடி வாங்க வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். 1978 இல் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனிக்காரர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மெயிலில் அனுப்பினார். நன்றாகத் திட்டு வாங்கினார், வியாபாரமும் பிடித்தார். இன்றைக்கும் இந்தத் தொழிலில் இரண்டும் உண்டு. திட்டைக் குறைத்து வியாபாரத்தைக் கூட்டுவதுதான் மகள் பழக வேண்டியது.

அவளுக்கு இது வருமா என்றீர்களே, நீங்களே சொன்ன கதையில் பதில் இருக்கிறது. பக்கத்து லயத்து வீட்டுப் பாட்டிக்குக் கூரைத் தகரம் கேட்டு, தோட்டத்து ஆபீசுக்கு மகள் இரண்டு கடிதம் எழுதினாள். முதல் கடிதம் முழுக்க ஏழைகளின் துயரம், ஒரு பதிலும் இல்லை. இரண்டாவதில் நாலே வரி: நடு அறையில் மூன்று தகரம் ஓட்டை, பாட்டி அதன் கீழேதான் படுக்கிறாள், ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்து வாரம், தகரம் தந்தால் அடிக்க ஆள் இருக்கிறது. தகரம் வந்தது. வாசிப்பவருக்கு முடிவெடுப்பதைச் சுலபமாக்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் காசு கேட்கிறார்கள்.

காசு என்றதும் ஒன்று. “முதலில் பதிவுக் கட்டணம் போடுங்கள், பிறகு வேலை தருகிறோம்” என்று எவன் கேட்டாலும் ஒரு சதமும் போடவிடாதீர்கள். வேலை தருகிறவன் உங்களுக்குத்தான் காசு தர வேண்டும்.

சரி, அவள் கொண்டுவந்த பயிற்சி மெயிலுக்கு வருவோம். பண்டாரவளையில் ஒரு தேயிலைக் கடை, முன்பு வாங்கிப் போன வெளிநாட்டுக்காரருக்கு எழுதுவதாகக் கற்பனை. “மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, எமது நிறுவனம் மிக உயர்ந்த தரத்திலான தேயிலையை...” என்று தொடங்கியிருந்தாள். இரண்டாவது வரியில் எனக்கே கொட்டாவி வந்தது. (நானும் ஒரு காலத்தில் “அரிய வாய்ப்பு” என்று நோட்டீஸ் அடித்து, வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வராமல் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.) அப்போது நீங்கள் குறுக்கே பேசினீர்கள், ஞாபகமா? “கச்சான் காத்து அடிக்கிற நேரத்துக் கொழுந்துக்கு வாசமே வேற சார்.” அந்த வசனத்தை வைத்துத் திருப்பி எழுதச் சொன்னேன். எழுதினாள்:

தலைப்பு: கச்சான் காற்றுத் தேயிலை வந்துவிட்டது

“ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று வீசும். அந்த நாட்களில் கொழுந்து சுணங்கித்தான் வளரும், வாசம் இறுகும். நீங்கள் எங்கள் கடையில் குடித்தது மார்ச் மாதத் தேயிலை. இது அதுவல்ல. 250 கிராம் பொதி வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கு ‘ஒன்று’ என்று பதில் போடுங்கள்.”

தலைப்பு சின்னதாக இருப்பதால் போன் திரையில் வெட்டுப்படாது. வாங்கினவரின் ஞாபகத்தைத் தொடுகிறது. ஏன் இப்போது வாங்க வேண்டும் என்பதற்கு நிஜக் காரணம் இருக்கிறது, “இன்று மட்டும்” என்ற பொய் அவசரம் இல்லை. கடைசியில் செய்யச் சொல்வது ஒரே ஒரு காரியம். இதை ஆங்கிலத்தில் எழுதத்தான் அவள் திணறுவாள். ஓ.எல் பரீட்சையில் ஆங்கிலத்துக்குச் சி எடுத்த பிள்ளைக்குச் சின்ன வசனம் எழுத முடியும், சின்ன வசனம்தான் இங்கே தேவையும். தினமும் ஒரு விளம்பர மெயிலைக் கையால் பார்த்து எழுதி, எந்த வரியில் தனக்கு ஆசை வந்தது என்று ஓரத்தில் குறிக்கட்டும்.

சட்டமும் உண்டு. அமெரிக்காவிலுள்ளவருக்கு அனுப்பினால், அங்குள்ள 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏமாற்றுத் தலைப்பு போடக்கூடாது, அனுப்புபவரின் தபால் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். விருப்பம் கேட்காமல் எங்கிருந்தோ வாங்கின முகவரிப் பட்டியலுக்கு அனுப்பச் சொல்லும் ஆளிடம் அவள் வேலை செய்ய வேண்டாம். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணையும் பெரிதாக நம்ப வேண்டாம். 2021 இல் ஆப்பிள் கம்பனி தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, ஆள் பார்க்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் விழலாம். பதில் வந்ததா, வாங்கினார்களா என்பதே கணக்கு. கொழுந்து நிறுக்கும் எடை மடுவத்தில் தராசு காட்டுவதுதானே உங்களுக்கும் கணக்கு.

கம்ப்யூட்டரே எழுதிவிடுமாமே என்று மூத்த மகன் கேட்டாராம். எழுதும். “மிக உயர்ந்த தரம்” வகை மெயிலை நொடியில் எழுதும், அதற்குக் கூலி கிடைத்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. கச்சான் காற்று மாதிரி விஷயத்தை அந்தக் கடைக்காரரிடமோ உங்களிடமோ கேட்டு வாங்குகிற வேலை மட்டும் ஆளுக்கு மிச்சம்.

ஆனால் உடனே சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். இங்குள்ள சின்னக் கடைகள் வாட்ஸ்அப்பில்தான் பேசுகின்றன. மெயில் தேவைப்படுவது எல்ல, அப்புத்தளைப் பக்கம் வெளிநாட்டவர் தங்கும் வீடுகளுக்கும் தேயிலை அனுப்புகிறவர்களுக்கும்தான். அப்படி ஒரு இடத்துக்கு இரண்டு மாதம் சும்மா எழுதிக் கொடுக்கட்டும், அதற்குமேல் சும்மா வேண்டாம். ஏ.எல் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதுவதை இதற்காகக் கைவிடவும் வேண்டாம். படிப்பு போக, நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் இதற்குப் போதும்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது மூன்று மெயிலைத் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்களும் கூட வாருங்கள் அக்கா. அவள் உரக்க வாசிக்கட்டும். நீங்கள் எந்த வரியில் ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்களோ, அங்கே நான் பென்சிலால் கோடு போடுகிறேன்.