வேகச் சார்ஜ் ஏறவில்லை: பற்றரியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் வவுனியாவில் ஒரு கார் சேலில், ஜப்பானிலிருந்து வந்த பழைய பிளக்-இன் ஹைபிரிட் ஜீப் வாங்கினேன். பற்றரி 12 கிலோவாட்-மணி. வீட்டுப் பிளக்கில் இரவு போட்டால் காலையில் நிரம்பிவிடுகிறது. ஆனால் வேகச் சார்ஜரில் குத்தினால் பத்துப் பதினைந்து செக்கனில் நின்றுவிடுகிறது. கராஜ்காரர் பற்றரியை மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

பதில்: பொறுங்கள். இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

வீட்டு மின்சாரம் காருக்குள் இருக்கும் சார்ஜர் வழியாகப் பற்றரிக்குப் போகிறது. வேகச் சார்ஜில் அந்தச் சார்ஜருக்கு வேலையே இல்லை. வெளியில் நிற்கும் பெட்டி நேரே பற்றரிக்குள் தள்ளுகிறது. இரண்டு வழிக்கும் பற்றரி ஒன்றுதான். வீட்டில் நிரம்புகிறதென்றால் முதல் சந்தேகம் அதன்மேல் போகக்கூடாது. வேகச் சார்ஜுக்கென்றே தனியாக உள்ள துளை, வயர், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மேல்தான் போகவேண்டும்.

உங்கள் ஜீப்பில் இருப்பது சாடெமோ என்ற ஜப்பானிய வேகச் சார்ஜ் முறைக்கான துளையாக இருக்கும். (ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்குள் 'தேநீர் குடிப்போமா' என்றொரு சிலேடையும் உண்டு. சார்ஜ் ஏற அவ்வளவு நேரம் போதுமாம்!) இதில் மின்சாரம் பாயுமுன் சார்ஜரும் காரும் பேசிக்கொள்கின்றன. எத்தனை வோல்ற், எத்தனை ஆம்பியர் தாங்குவேன் என்று கார் சொல்லும். பிளக் பூட்டிக்கொள்ளும். எங்காவது மின் கசிகிறதா என்று சார்ஜர் சோதிக்கும். எல்லாம் சரியென்றால்தான் ரிலே மூடி மின்சாரம் பாயும்.

ஆகவே சார்ஜர் திரையில் ஆம்பியர் எண்ணைக் கவனியுங்கள். அது 0 ஐ விட்டு எழும்பவே இல்லையென்றால் பேச்சு முறிந்திருக்கிறது, அல்லது கசிவு. 50, 60 வரை ஏறிச் சில நிமிடத்தில் விழுந்தால் மட்டும் சூடு, அல்லது பற்றரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று பலவீனம் என்று யோசிக்கலாம். வீட்டில் ஏறும் சொற்ப ஆம்பியரில் கெட்ட செல் ஒளிந்துகொள்ளக்கூடும். உங்கள் கராஜ்காரருக்கு நான் கொடுக்கும் ஒரே சலுகை அதுதான். பத்துப் பதினைந்து செக்கனில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு முதலாவது வகையாகத்தான் படுகிறது.

வேறொரு இடத்துச் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார்கள் பெருகிய காலத்தில் வைத்த பெட்டிகள் பல, அவற்றின் பிளக்குகளும் தேய்ந்திருக்கும். அங்கே ஏறினால் உங்கள் காரில் பிழை இல்லை. ஏறாவிட்டால் சாதாரண 12 வோல்ற் பற்றரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க ஓய்ந்த பின்னும் 12.4 வோல்ற் இல்லையென்றால் அதுவே காரணமாகலாம், ஏனென்றால் ரிலேக்களை இழுப்பது அதுதான். பலரும் கடைசியில் பார்ப்பது இதை. காரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதை.

துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்த உலோக ஊசிகள், ஈரம், குளவி மண் எல்லாம் இருக்கக்கூடும். மழைக்குப் பின் மட்டும் கோளாறு வருகிறதென்றால் கசிவுதான். கம்பி விட்டுக் கிண்டாதீர்கள். செம்மஞ்சள் வயர் எதையும் தொடவே வேண்டாம், அதில் 300 வோல்ற் இருக்கிறது.

பிறகு ஸ்கேன். கார் பதிந்து வைத்திருக்கும் பிழைக் குறியீடுகளை அழிக்குமுன் பிரின்ற் எடுத்துக் கேளுங்கள். அழித்துவிட்டு வாயால் சொல்லும் கராஜ் வேண்டாம். குறியீடு யு (U) என்று தொடங்கினால் தகவல் தொடர்புக் கோளாறு, பி0ஏஏ6 (P0AA6) என்றால் மின் கசிவு. கூடவே பற்றரி இப்போது எத்தனை ஆம்பியர்-மணி (அதன் கொள்ளளவு) காட்டுகிறது என்றும் கேளுங்கள். உதாரணமாக, 2013 இல் வந்த மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஜீப்பின் 12 கிலோவாட்-மணி பற்றரிக்குப் புதிதில் 40. அந்த எண்ணைச் சொல்லாமல் பற்றரி விற்க வருபவரை நம்பவேண்டாம்.

வேகச் சார்ஜ் வேலை செய்யும் என்று விளம்பரத்திலோ பில்லிலோ எழுதியிருந்ததா? இருந்தால் பிரதி எடுத்து, கார் சேலுக்கு எழுத்தில் அறிவியுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.